வார்டு வேட்பாளரின் துண்டறிக்கையைப் படிப்பது எப்படி?

‘24 மணி நேரமும் குடிநீர். வீடுதோறும் பாதாளச் சாக்கடை இணைப்பு. குப்பையில்லா வார்டு. மழைநீர் தேங்காத தெருக்கள்.’ எந்தக் கட்சியின் துண்டறிக்கையை எடுத்தாலும் இந்த நாலு வரி இருக்கும். படமும் சின்னமும்தான் மாறும். சட்டமன்றத் தேர்தல் அறிக்கையை வரிக்கு வரி அலசுகிற நாம், கவுன்சிலர் வேட்பாளரின் தாளைக் கேட்டிலிருந்து எடுத்துக் கடலை மடிக்கக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தெருமுனைத் தொட்டி எப்போது காலியாகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தேர்தலோடு சேர்ந்த சங்கதிகள்.

2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வென்று வந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. முதல் முறை ஓட்டுப் போடப்போகிறவர்களுக்கும், வேலை நிமித்தம் தமிழ்நாட்டின் ஒரு நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை. உதாரணங்களைப் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எடுத்திருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் வார்டு எது என்று பாருங்கள்

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துகிற இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு, இது வேறு. ஆனால் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை எடுத்து வார்டுவாரியாகப் பிரித்துத்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். ஆகவே பழைய ஊரிலேயே உங்கள் பெயர் இருந்தால், படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சொத்து வரி ரசீது கையில் இருந்தால் அதிலேயே மண்டலம், வார்டு எண் இருக்கும். வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2022-ல் கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே ஓட்டு, அது கவுன்சிலருக்கு.

அப்புறம், எது யார் வேலை என்று பிரியுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு வாக்குறுதி நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. அதைச் செய்யும் அதிகாரம் ஓட்டுக் கேட்பவரிடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசையாகச் சொல்கிறது. குடிநீர், துப்புரவு, திடக்கழிவு, தெருவிளக்கு, பூங்கா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ‘கொடுக்கலாம்’ என்பதைக் கவனியுங்கள். எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநில அரசுதான் முடிவு செய்கிறது. அதனால் ஊருக்கு ஊர் ஏற்பாடு மாறுகிறது.

சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையில் இல்லை. 1978-ல் தனிச் சட்டத்தின் கீழ் உருவான குடிநீர் வாரியம், அதாவது எல்லோரும் சொல்கிற மெட்ரோ வாட்டர், அதைப் பார்க்கிறது. குடிநீர் வரி, கழிவுநீர் வரியை நீங்கள் தனியாகக் கட்டுவதும் அதனால்தான். மாநகராட்சி பார்ப்பது மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, உட்புறச் சாலை. கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் குழாய்த் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருவது மாநகராட்சியே. சிறிய நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் பாதி இங்கே, பாதி அங்கே: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மொத்தமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்கு விடும். அங்கிருந்து தெருக்குழாய் வரை உள்ளாட்சியின் பொறுப்பு. தண்ணீர் குறைவாக வருவது வாரியத்தின் பிரச்சினையாக இருக்கலாம். மேட்டுத் தெருவுக்கு வராமல் பள்ளத் தெருவுக்கு மட்டும் வருவது நிச்சயம் உள்ளாட்சியின் பிரச்சினை.

மின்சாரம் எந்த ஊரிலும் கவுன்சிலரின் வேலை கிடையாது. மின்கட்டணத்தைக் குறைப்பேன் என்று வார்டு வேட்பாளர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். தெருவிளக்கு மட்டும் உள்ளாட்சியுடையது. அதற்கான மின்கட்டணத்தையும் உள்ளாட்சிதான் மின்வாரியத்துக்குக் கட்டுகிறது.

ஏரி, குளம், கால்வாய் என்று வந்தால் சிக்கல். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறைக்குச் சொந்தம். சிறியவை உள்ளாட்சிக்கு. ஆக்கிரமிப்பை அளந்து சொல்ல வருவாய்த் துறை வர வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து வடிகாலை நெடுஞ்சாலைத் துறை கட்டும். மழைக்காலத்தில் ஒரே தெருவில் தேங்கும் தண்ணீருக்கு நாலு அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாலும் மற்ற மூன்றைக் காட்டும்.

இப்போது துண்டறிக்கையில் பேனாவால் குறியுங்கள்

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். கவுன்சிலர் தன் முயற்சியாலும் வார்டு மேம்பாட்டு நிதியாலும் செய்யக்கூடியது என்றால் ‘க’. மன்றத்தில் தீர்மானம் போட்டால்தான் நடக்கும் என்றால் ‘ம’. மாநில அரசோ வாரியமோ மனசு வைக்க வேண்டும் என்றால் ‘அ’.

பூங்காவுக்கு நடைபாதை, நாலு விளக்குக் கம்பம், ஒரு சிறு வடிகால் இணைப்பு, இவையெல்லாம் ‘க’. வார்டு நிதி சென்னையிலேயே சில பத்து லட்ச ரூபாய்தான். அதில் பாலம் கட்ட முடியாது. குப்பை ஒப்பந்தம், சொத்து வரி, நுண் உரமாக்கல் மையம் எங்கே அமைப்பது, இவை ‘ம’. புதிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், கூட்டுக் குடிநீர்த் திட்டம், இவை ‘அ’.

தாள் முழுக்க ‘அ’ என்று விழுந்தால் அந்த வேட்பாளர் வேறு ஏதோ தேர்தலுக்கு எழுதிய அறிக்கையை உங்களிடம் கொடுத்திருக்கிறார். ‘அ’ போட்ட வரி முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஆளும் கட்சிக் கவுன்சிலர் அமைச்சரைப் பார்த்துக் காரியம் முடிப்பது நம் ஊர் நடைமுறைதான். ஆனால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: யாரிடம் போவார், எந்தத் திட்டத்தில் நிதி கேட்பார்?

குடிநீர்: எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்

‘போதுமான குடிநீர்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்த அளவு. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55 லிட்டர். உங்கள் தெருவுக்கு இப்போது எவ்வளவு வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று வேட்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் அதை இரட்டிப்பாக்குவேன் என்றால் எதை இரட்டிப்பாக்குவார்?

சென்னைக்குக் குடிவந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூர், மாதவரம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் அப்போது சேர்ந்தவைதான். பழைய நகரத்தில் இருந்த குழாய் வலையும் பாதாளச் சாக்கடையும் இந்தப் பகுதிகளுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையோரம் அடுக்குமாடியில் இருப்பவருக்கு லாரித் தண்ணீரின் விலை நன்றாகவே தெரியும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு 2024-ல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. ஆலை இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, உங்கள் தெருவில் குழாய் இல்லை என்றால் வேட்பாளரிடம் குழாயைப் பற்றிக் கேளுங்கள், ஆலையைப் பற்றி அல்ல.

கோவையில் கேள்வி வேறு மாதிரி. 24 மணி நேரக் குடிநீருக்காகச் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடன் 2018-ல் 26 ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. அப்போது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2011-ல் வந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, 2022 வரை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். ஒரு தலைமுறைக்கான குடிநீர் ஏற்பாடு, ஒரு கவுன்சிலரின் கையும் உயராமல் முடிவானது. தேர்தலைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கோவை வேட்பாளர்களிடம், இந்த ஒப்பந்தத்தை மன்றத்தில் எப்படிக் கண்காணிப்பீர்கள், கட்டணம் உயர்ந்தால் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்கலாம். ரத்து செய்வேன் என்பது மேடைக்கு நன்றாக இருக்கும். 26 ஆண்டு ஒப்பந்தத்தை ஒரு வார்டு உறுப்பினர் கிழித்துப் போட முடியாது.

சாக்கடையும் மழைநீரும் ஒன்றல்ல

பாதாளச் சாக்கடை வீட்டுக் கழிவுநீருக்கு. மழைநீர் வடிகால் மழைக்கு. புதிதாக வந்தவர்கள் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சில வீட்டுக்காரர்கள் குழப்பமே இல்லாமல், தெரிந்தே, கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் செருகிவிடுகிறார்கள். அந்தக் கழிவு நேராக ஆற்றுக்கோ சதுப்பு நிலத்துக்கோ போகிறது. இந்தத் திருட்டு இணைப்புகளைத் துண்டிப்பேன் என்று துண்டறிக்கையில் எழுதுகிற வேட்பாளரைப் பார்த்தால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். ஏனென்றால் அந்த வீடுகளிலும் ஓட்டு இருக்கிறது.

வடிகாலைப் பற்றிக் கேட்க நல்ல கேள்வி ஒன்று உண்டு: “அக்கா, நம்ம தெரு வடிகால் எந்த மாசம் தூர் வாருவாங்க?” வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் தூர் வாரி, அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றியிருக்க வேண்டும். வடிகால் ஓரமாகவே குவித்து வைத்தால் முதல் மழையில் அந்த மண் மறுபடி உள்ளேதான் போகும். 2015 வெள்ளத்துக்கும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னையில் வடிகால் கட்டப் பெரும் பணம் செலவாகிறது. கட்டியதைப் பராமரிப்பதில் திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லாததால், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. உங்கள் வேட்பாளர் பேசினால் கவனித்துக் கேளுங்கள்.

பாதாளச் சாக்கடை வாக்குறுதி என்றால் மூன்று விஷயம்: கழிவுநீர் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையம் எங்கே, இடையில் கழிவுநீரை இறைத்துத் தள்ளும் உந்து நிலையத்துக்கு இடம் கிடைத்ததா, வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை எவ்வளவு. சாலையைத் தோண்டிக் குழாய் பதித்துவிட்டு, உந்து நிலையத்துக்கு இடம் கிடைக்காமல் நின்றுபோனால் தோண்டிய சாலைதான் மிச்சம்.

அடைப்பு எடுக்க யார் இறங்குவார்கள் என்பதையும் கேளுங்கள். மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. இயந்திரம் எத்தனை இருக்கிறது, சந்துகளுக்குள் அது நுழையுமா என்று கேட்பது வாக்காளரின் வேலை.

குப்பை

மன்றத்துக்கு உண்மையான அதிகாரம் உள்ள துறை இது. ஆகவே தப்பிக்கவும் வழியில்லை.

குப்பையில்லா வார்டு என்றால் பல வேட்பாளர்களுக்கு வார்டிலிருந்து குப்பை போய்விட வேண்டும், அவ்வளவுதான். எங்கே போகிறது? வடசென்னையில் கொடுங்கையூருக்கு, தென்சென்னையில் பெருங்குடிக்கு. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. கோவையின் குப்பை வெள்ளலூருக்குப் போகிறது. அங்கே 2024 ஏப்ரலில் பற்றிய தீ பல நாள் அணையவில்லை. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்களும் வாக்காளர்கள்தான், வேறு வார்டு.

எனவே குப்பையில் கேட்க வேண்டிய முதல் விஷயம் தரம் பிரிப்பது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டன. நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் என்ன பயன்? வண்டியில் தனித்தனி அறை இருக்கிறதா, மக்கும் குப்பை வார்டிலேயோ மண்டலத்திலேயோ உரமாகிறதா, உரக்கூடத்தைத் தன் தெரு அருகே வைக்க வேட்பாளர் சம்மதிப்பாரா என்று பாருங்கள். உரக்கூடம் வேண்டும், ஆனால் பக்கத்து வார்டில் வேண்டும் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான கொள்கை!

அடுத்தது எரிஉலை. குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது என்று கேட்க நன்றாக இருக்கும். கொடுங்கையூரில் இப்படி ஒரு ஆலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நம் வீட்டுக் குப்பையில் ஈரம் அதிகம். பிரிக்காத ஈரக் குப்பை சரியாக எரியாது. நன்றாக எரியும் பிளாஸ்டிக்கின் புகையையோ சுவாசிக்க முடியாது. உங்கள் வேட்பாளர் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா? தெரியவில்லை என்று சொன்னால் மன்றத்தில் அந்தப் பொருள் வரும்போது கட்சி சொன்னபடி கை தூக்குவார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேலை செய்கிறவர்கள். சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தனியாருக்குக் கொடுப்பதா, மாநகராட்சியே நடத்துவதா என்பதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கலாம். வேட்பாளருக்கு ஒரு கருத்து இருந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு, வேலை சரியில்லை என்றால் நிறுவனத்துக்கு அபராதம் உண்டா, இவை மன்றத்தில் கேட்கக்கூடிய கேள்விகள்.

தெருவிளக்குக்கு இவ்வளவு வேண்டாம். எரியாத விளக்கை எத்தனை நாளில் மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

பணம் எங்கிருந்து வரும்?

உள்ளாட்சியின் சொந்த வருமானத்தில் பெரியது சொத்து வரி. அதன் பிறகு தொழில் வரி, உரிமக் கட்டணங்கள். மிச்சத்துக்கு மாநில நிதி ஆணைய மானியத்தையும் மத்திய நிதியையும் எதிர்பார்க்க வேண்டும்.

2022 தேர்தல் முடிவு வந்தது பிப்ரவரி 22-ல். ஆறு வாரம் ஆகும் முன்பே, ஏப்ரல் தொடக்கத்தில், குடியிருப்புகளுக்குச் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தும் அறிவிப்பு வந்தது. வரியைத் திருத்தினால்தான் மத்திய மானியம் என்று பதினைந்தாவது நிதி ஆணையம் வைத்த நிபந்தனையைக் காரணமாகச் சொன்னார்கள். முடிவு மேலே எடுக்கப்பட்டது, தீர்மானம் மன்றங்களில் போடப்பட்டது. ஓட்டுக் கேட்கும்போது வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத வேட்பாளரிடம் நாமாகவே கேட்டுவிடுவது நல்லது.

குப்பைக் கட்டணமும் அப்படித்தான். வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று சென்னை மாநகராட்சி 2021 ஜனவரியை ஒட்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில மாதத்தில் சட்டமன்றத் தேர்தல், நிறுத்தி வைத்துவிட்டார்கள். எல்லாம் இலவசமாகவும் எல்லாம் சுத்தமாகவும் இருக்கும் என்று ஒரே தாளில் எழுதுகிறவரை நான் நம்புவதில்லை.

பழைய கணக்கைப் பாருங்கள்

மறுபடி நிற்கிற கவுன்சிலர் என்றால் வேலை சுலபம். மன்றக் கூட்டங்களுக்கு எத்தனை முறை வந்தார், என்ன கேள்வி கேட்டார், வார்டு நிதியை எதற்குச் செலவழித்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு எழுதினால் ஓட்டுப் போட்ட பிறகுதான் பதில் வரும். இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். தீர்மான நகல், செலவு விவரம், பணி ஆணை என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

புதிய வேட்பாளர் என்றால் வேட்புமனுவோடு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைப் பார்க்கலாம். உள்ளூரில் விசாரித்தால் அவரோ உறவினரோ உள்ளாட்சி ஒப்பந்த வேலை எடுப்பவரா என்பது பெட்டிக்கடையிலேயே தெரிந்துவிடும்.

வேட்பாளரை நேரில் பிடிப்பதற்குப் பிரச்சார ஊர்வலம் சரிப்படாது. மேளச் சத்தத்தில் எதையும் கேட்க முடியாது. குடியிருப்போர் நலச்சங்கத்தின் மூலம் ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் வருவார்கள், ஒரே இடத்தில் நூறு ஓட்டு என்றால் யார் வராமல் இருப்பார்? எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதில்களை அப்படியே போடுங்கள், உங்கள் விமர்சனத்தைச் சேர்க்காமல்.

ஓட்டுப் போட்ட பிறகு

தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்குமான விதிகள் 2022-ல் வந்தன. ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள். வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். முதல் பகுதி சபைக் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் நடந்தன. கிராமங்களில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குடிநீரைப் பற்றிப் பேச அதுவே பொருத்தமான கூட்டம்.

நகரத்தில் பகுதி சபை நடப்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உங்கள் பகுதி எந்தெந்தத் தெருக்களைக் கொண்டது, அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். கூட்டத்தில் பேசுவதை எழுத்தாகவும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதிவேட்டில் உங்கள் கோரிக்கை ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏறாத கோரிக்கைக்கு அடுத்த கூட்டத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.